பித்தநாளப் படமும் அறுவை நிபுணரின் கண்ணும்

பித்தப்பையை அகற்றும் சத்திர சிகிச்சையில் வெட்டப்பட வேண்டியது பித்தப்பையின் சிறு நாளம். தீண்டவே கூடாதது, கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தநீரைக் கொண்டு செல்லும் பொது நாளம். அழற்சியால் திசுக்கள் தடித்து ஒட்டிப்போன வயிற்றில் இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றென்று மயங்கி வெட்டிவிட்டால், பித்தக் கல்லுக்காக வந்த நோயாளி காமாலையும் மறுசிகிச்சையுமாக ஆண்டுக்கணக்கில் அல்லலுற நேரும்.

அர்ஜென்டினாவின் கொர்தொபா நகரத்து நிபுணர் பாப்லோ மிரிஸ்ஸி 1931இல், சிகிச்சையின் நடுவிலேயே பித்தநாளங்களை எக்ஸ்-ரேயில் காணும் முறையைத் தொடங்கியபோது அவர் தேடியது, பொது நாளத்தில் ஒளிந்திருக்கும் கற்களையே. சிறு துளைகள் வழியே சிகிச்சை செய்யும் லாபரோஸ்கோப்பி பரவி நாளக் காயங்கள் பெருகிய பிறகே, அதே படம் காயத்துக்கு எதிரான கவசமாகவும் கருதப்படலாயிற்று.

சிறு நாளத்தில் மெல்லிய கீறலிட்டு, நுண்குழாயைச் செலுத்தி, அயோடின் கலந்த சாயத்தை ஏற்றுகிறார்கள். சாயம் கீழே தடையின்றிச் சிறுகுடலில் இறங்க வேண்டும். மேலே கல்லீரலின் வலது, இடது கிளைகள் இரண்டும் நிறைய வேண்டும். மேற்கிளைகள் நிறையாவிட்டால், குழாய் பொது நாளத்திலேயே புகுந்திருக்கலாம் என்று அறிந்து கையை நிறுத்த வேண்டும். குழாயில் தங்கிய காற்றுக் குமிழி கல்லென்று ஏமாற்றுவதும் உண்டு.

கீறிய பின்னரே படம் கிடைக்கிறது என்பது இம்முறையின் பெருங்குறை. ஆயினும் தவறான நாளத்தில் விழுந்த சிறு கீறலைத் தைத்துவிடலாம், முற்றும் துண்டித்ததைச் சீராக்குவதோ மகா கஷ்டம். மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டின் நோயாளிகள் 15 லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், படம் எடுத்தோரிடம் காயம் 0.39 சதவீதம், எடுக்காதோரிடம் 0.58 சதவீதம். ஆனால் 2013இல் வந்த டெக்சாஸ் ஆய்வில், இரு தரப்பாரிடமும் முன்னரே இருந்த வேற்றுமைகளுக்கு ஈடுசெய்து கணித்தபோது, இத்தகைய வித்தியாசம் உறுதிப்படவில்லை.

ஆகவே எல்லோருக்கும் படத்தைக் கட்டாயமாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. கொழுப்பை விலக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலினின்று பிரித்து, இரண்டே குழல்கள் அதனுள் செல்வதைக் கண்ணாரக் கண்ட பின்னரே வெட்டுவது என்று 1995இல் அறுவை நிபுணர் ஸ்ட்ராஸ்பர்க் வகுத்த நியமத்துக்கு எந்தப் படமும் ஈடாகாது. எனினும் அந்தக் காட்சி தெளியாத வேளையில் படமெடுக்கத் தெரியாத கை அபாயகரமானது. சிக்கலற்ற நோயாளிகளிடம் படமெடுத்துப் பழகாதவருக்கு, கடினமான வேளையில் அந்தத் திறமை திடீரென்று வந்துவிடாது. சிகிச்சைக்கு ஒப்பமிடும் முன், சந்தேகம் எழுந்தால் அங்கேயே நாளப் படம் எடுக்க வசதியும் பழக்கமும் உண்டா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.