வினையூக்கிக்கு முந்தைய படி: மாரியப்பன் பெரியசாமியின் ஆய்வுகள்

ஒரே மூலக்கூறின் இடக்கை, வலக்கை வடிவங்களில் வேண்டியதை மட்டும் ஆக்குவது சமச்சீரற்ற தொகுப்பு. இத்துறையில் புகழ் வினையூக்கிக்கே போகிறது. 2001இல் நோல்ஸ், நோயோரி, ஷார்ப்லெஸ், 2021இல் லிஸ்ட், மெக்மில்லன் என இரண்டு நோபல்களும் அதற்கே. ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் மாரியப்பன் பெரியசாமியை இந்த ஓர் அளவுகோலால் அளந்தால் அவர் முதல் வரிசைக்கு வரமாட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடத்தில் ரியாக்டர் முன் நிற்கும் கெமிஸ்ட் வேறு கேள்விகளைக் கேட்பார்: சரக்கு என்ன விலை, தீப்பிடிக்குமா, கழிவுநீரில் என்ன போகும்? இரண்டு வகையிலும் அவரை எடைபோட வேண்டும்.

அதிகம் பேசப்படுவது சோடியம் போரோஹைட்ரைடு–அயோடின் முறை. போரோஹைட்ரைடு தனியாகக் கார்பாக்சிலிக் அமிலத்தை ஆல்கஹாலாக ஒடுக்காது. லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு ஒடுக்கும். ஆனால் ஈரம் பட்டால் தீப்பற்றும் சரக்கு அது. பெரியசாமி குழு 1991இல் காட்டிய வழியில் போரோஹைட்ரைடும் அமிலமும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் சேர்கின்றன. ஹைட்ரஜன் குமிழ்கள் அடங்கியதும் அயோடின் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பழுப்பு நிறம் விழுந்த இடத்திலேயே மறைகிறது. குடுவைக்குள்ளேயே போரேன் உருவாகிறது. நச்சு வாயுவைத் தனியே ஆக்கிச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. 1993இல் அமெரிக்காவின் மேயர்ஸ் குழு இதே கலவையை அமினோ அமிலங்களில் செலுத்தியது. கைத்தன்மை குலையாமல் வாலின் வாலினாலானது. இவான்ஸ் ஆக்சசோலிடினோனும் பல பிஸ்-ஆக்சசோலின் லிகண்டுகளும் இப்படிப்பட்ட அமினோ ஆல்கஹால்களிலிருந்தே பிறக்கின்றன.

ஆனாலும் இதை முழுக்கப் புதுமை என்று சொல்ல மாட்டேன். போரோஹைட்ரைடிலிருந்து அயோடினால் டைபோரேன் ஆக்குவதை ஃப்ரீகார்டும் லாங்கும் 1965இலேயே வெளியிட்டிருந்தார்கள். அயோடினுக்குப் பதில் கந்தக அமிலத்தைச் சேர்த்துப் போரோஹைட்ரைடால் அமினோ அமிலங்களை ஒடுக்கும் வழியை அபிகோவும் மசமுனேயும் 1992இல் தந்தார்கள். ஒரு மோல் அயோடினின் எடை 254 கிராம். அத்தனையும் கடைசியில் சோடியம் அயோடைடாகக் கழிவுநீரில் நிற்கிறது. டன் கணக்கில் ஆக்குகிறவருக்குக் கந்தக அமிலம் மலிவு. ஆய்வுக்கூட மேசையில் அயோடினைக் கையாள்வது சுலபம். பெரியசாமியின் பங்கு, பழைய வினையை எவரும் நம்பிச் செய்யக்கூடிய பொதுக்கருவியாக்கியது. அது சின்ன விஷயமல்ல.

இதைவிட உயர்வாக நான் மதிப்பது 1993இல் வந்த டைபீனைல்புரோலினால் தயாரிப்பு. புரோலினில் அமீனைக் காக்க வேண்டும், அமிலத்தை எஸ்டராக்க வேண்டும். மெத்தனாலில் எத்தில் குளோரோஃபார்மேட்டைச் சேர்த்து இரண்டையும் பெரியசாமி குழுவினர் ஒரே பாத்திரத்தில் முடித்தார்கள். பிறகு கிரிக்னார்டு வினை, கடைசியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அப்போது மெர்க் நிறுவனத்தாரின் வழி ஃபாஸ்ஜீனைக் கொண்டு நடந்தது. எத்தில் குளோரோஃபார்மேட்டும் நஞ்சுதான்; ஆனால் புட்டியில் வரும் திரவம், எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடமும் கையாளலாம். கோரி 1987இல் அறிவித்த ஆக்சசபோரோலிடின் வினையூக்கிக்கும், 2005இல் யோர்கன்சனும் ஹயாஷியும் கொண்டுவந்த சிலைல் ஈதர் வினையூக்கிகளுக்கும் மூலப்பொருள் இந்த டைபீனைல்புரோலினாலும் அதன் உறவுகளும்தான்.

பைநாப்தாலைப் போரிக் அமிலமும் கைரல் (கைத்தன்மையுள்ள) அமீனும் கொண்டு இரு கைகளாகப் பிரித்த 1999 முறை அழகானது. ஆனால் சிங்கோனிடினியம் உப்பைக் கொண்டு மெர்க்கின் வேதியியலாளர்கள் அமைத்த வழியே இன்று அதிகம் புழங்குகிறது.

பிற்காலத்து அல்லீன் தொகுப்பில்தான் எனக்கு மனக்குறை. கைரல் அமீன், ஆல்டிஹைடு, ஆல்கைன் மூன்றையும் துத்தநாக, செம்பு உப்புகளுடன் சேர்த்து ஒரே கையுள்ள அல்லீன்களைப் பெற்றார்கள். தூய்மை மிக உயர்ந்தது. ஆனால் கைத்தன்மையைத் தரும் அமீன் ஒவ்வொரு முறையும் மோலுக்கு மோல் செலவாகிறது. உலோகம் வினையை நடத்துகிறதே தவிர, கையைத் தேர்வதில்லை. கைத்தன்மையைப் பெருக்கித் தருவதுதான் சமச்சீரற்ற வினையூக்கம் என்றால், இது அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது.

என் தீர்ப்பில் பெரியசாமி வினையூக்கி வடிவமைப்பாளர் அல்லர். வினையூக்கிகளின் மூலப்பொருளை எட்டும் விலைக்கும் எட்டும் கைக்கும் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசைக்காரர். மாணவருக்கு அவரது கட்டுரைகளில் ஒன்றைத்தான் கொடுக்கலாம் என்றால், அல்லீன்களையும் அயோடினையும் ஒதுக்கிவிட்டுப் புரோலின் கட்டுரையைக் கொடுப்பேன்.