ப. பாண்டி: முதுமையில் விருப்பம்

ப. பாண்டி, தனுஷ் இயக்கி 2017 ஏப்ரலில் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். இது அவர் இயக்கிய முதல் படம். 'பவர் பாண்டி' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ராஜ்கிரண், ரேவதி, பிரசன்னா, சாயா சிங், மடோனா செபாஸ்டியன் ஆகியோர் நடித்தனர். இசை ஷான் ரோல்டன். முதியவரின் காதலை நகைச்சுவையும் நெகிழ்வுமாகச் சொன்ன அரிதான தமிழ்ப் படங்களுள் ஒன்று.

கதைச்சுருக்கம்

திரைப்படச் சண்டைப் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்ற பாண்டி, மனைவியை இழந்தவர். சென்னையில் மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். பேரக்குழந்தைகளிடம் ஒட்டுதல் உண்டு. ஆனால் தெருவில் நடக்கும் தவறுகளைத் தட்டிக்கேட்பது மகனுக்குத் தலைவலியாகிறது. பூசல் முற்ற, மோட்டார் சைக்கிளில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். இளமையில் காதலித்த பூந்தென்றலை ஃபேஸ்புக் வழியாகத் தேடி ஐதராபாத் செல்கிறார்.

விமர்சனம்

படத்தின் வலு நடிகர் தேர்வில் தொடங்குகிறது. தனுஷின் தந்தை கஸ்தூரிராஜா இயக்கிய 'என் ராசாவின் மனசிலே' (1991) படத்தின் முரட்டு நாயகன் ராஜ்கிரண். ரேவதி 'மண்வாசனை' (1983) வழியாக அறிமுகமானவர். இவ்விருவரும் எதிரெதிரே அமரும்போது, பார்வையாளரும் தன் வயதை எண்ணிக்கொள்கிறார். உடல்வலிமையால் பெயர் பெற்ற ஒருவர் குறுஞ்செய்திக்குப் பதில் வருமா என்று தவிப்பதே நகைச்சுவை. சிரிப்பு அவரைச் சிறுமைப்படுத்தவில்லை.

எனினும், பாண்டியின் விருப்பத்துக்குப் படம் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கித் தருகிறது. அவர் மனைவியை இழந்தவர். தேடுவது முதல் காதலை. புதிதாக ஒரு பெண்ணை அவர் விரும்பியிருந்தால், குடும்பத்தோடு வந்தவர்கள் இதே பரிவோடு பார்த்திருப்பார்களா? பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) படத்திலும் இதே ஏற்பாடு உண்டு. மலைச்சாமி குயிலை விரும்புவதை நாம் ஏற்க, பொன்னாத்தா கடுஞ்சொல்காரியாகவும் அந்தத் திருமணம் பெயரளவில் மட்டும் நிற்பதாகவும் இருக்க வேண்டியிருந்தது. பொன்னாத்தாளுக்கும் ஓர் ஆசை இருந்திருக்கும் என்பதை அந்தப் படம் பொருட்படுத்தவில்லை.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் கடைசிப் படமான 'ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்' (1962) இந்த இடத்தில் வேறுபடுகிறது. அதில் முதிய நண்பர் ஒருவர் இளம்பெண்ணை மறுமணம் செய்கிறார். மற்றவர்கள் குடித்தபடி அவரைச் சீண்டுகிறார்கள். நாயகன் ஹிராயாமா, இறந்த மனைவியின் சாயல் கொண்ட மதுக்கடைப் பெண்ணைப் பார்க்கச் செல்கிறார். அந்தப் பார்வையில் இருப்பது ஏக்கமா ஆசையா என்று ஓசு பிரித்துக் காட்டவில்லை. நியாயம் சொல்லவுமில்லை. மகளை மணம் முடித்து அனுப்பிய இரவில் அவர் தனியே அமர்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஓசுவின் முதியவர் தனிமைக்குப் பழகுகிறார். தனுஷின் முதியவர் வண்டியை உதைத்துக் கிளப்புகிறார். அந்தத் துணிவு தமிழ்ப் படத்துக்கே உரியது. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் மாத்திரை போடுவதுமே முதியவரின் நாள் என்று நம்பும் வீடுகளில், 'அப்பாவுக்கு ஒரு துணை வேண்டும்' என்ற பேச்சே எழுவதில்லை. எழுந்தாலும் 'ஊர் என்ன சொல்லும்' என்பதோடு முடிந்துவிடும். அம்மாவைப் பற்றி அப்படிப் பேசுவது இன்னும் கடினம். அந்த வகையில், பேத்தி கண்ட வயதிலும் பூந்தென்றலுக்கு விருப்பம் உண்டு என்று காட்டியது படத்தின் முக்கியமான அடி. ஆனால் தேடிச் செல்பவர் ஆண், தேடப்படுபவர் பெண். கணவனை இழந்தபின் அவர் எப்படி வாழ்ந்தார், எதை அடக்கிக்கொண்டார் என்பதற்குக் காட்சிகள் குறைவு.

மதிப்பீடு

ப. பாண்டி, முதுமையைத் தியாகமாகவும் நோயாகவும் மட்டுமே காட்டும் வழக்கத்திலிருந்து விலகிய படம். விருப்பத்தைத் தூய்மைப்படுத்திக் காட்டுவது அதன் எல்லை. பூந்தென்றல் வண்டியெடுத்துப் பாண்டியைத் தேடிப் புறப்படும் படம் தமிழில் இனிமேல்தான் வரவேண்டும்.