விண்கலக் கதைகளும் கழிவு வெப்பமும்

1903-இல் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாடு, விண்வெளிக் கதை எழுதுபவர் தப்பிக்க முடியாத கணக்கு. பின்னால் பீய்ச்சும் பொருளின் வேகம் கூடினால்தான் சுமக்க வேண்டிய உந்துபொருள் குறையும். ஹைட்ரஜனை ஆக்சிஜனில் எரிக்கும் எந்திரத்தில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர். வேதி எரிபொருளால் இதற்கு மேல் அதிகம் போக முடியாது.

அடுத்தது அணு வெப்ப ராக்கெட். இதில் எதுவும் எரிவதில்லை. உலையின் சூட்டில் ஹைட்ரஜன் விரிந்து பாய்கிறது, நொடிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல். 1960-களில் அமெரிக்காவின் நெர்வா திட்டம் இத்தகைய எந்திரங்களை நெவாடா பாலைவனத்தில் ஓட்டியே காட்டியது. பிறகு நிதி நின்றது, எந்திரம் விண்ணேறவில்லை. வருங்காலக் கதைக்கு இதைவிட வலுவான அடித்தளம் கிடைப்பது அரிது.

2007-இல் கிளம்பி வெஸ்டாவையும் செரிஸையும் சுற்றிவந்த டான் விண்கலத்தின் அயனி எந்திரம் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செனான் அயனிகளை வீசியது. ஆனால் அதன் உந்துவிசை இரண்டு தாள்களின் எடைதான். அந்த வேகத்தில் ஒவ்வொரு நியூட்டன் உந்துவிசைக்கும் குறைந்தது 15 கிலோவாட் மின்சாரம் தேவை. 100 டன் கலம் ஒன்று நொடிக்கு நொடி 2 மில்லிமீட்டர் வேகம் கூட்ட நினைத்தால், குறைந்தது 3 மெகாவாட். வியாழன் அருகே சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் 27-இல் ஒரு பங்கு என்பதால், இவ்வளவு மின்சாரத்துக்கு அங்கே அணு உலையே கதி. 1965-இல் அமெரிக்கா சுற்றுப்பாதையில் வைத்த ஸ்னாப்-10ஏ உலை தந்தது சுமார் 500 வாட், அதுவும் 43 நாள்தான்.

கதைகள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதற்குப் பிறகுதான். உலை தன் வெப்பத்தில் கால் பங்கை மின்சாரமாக்கினால், 3 மெகாவாட்டுக்கு 9 மெகாவாட் வெப்பம் மிஞ்சும். வெற்றிடத்தில் அதைக் கதிர்வீச்சாக மட்டுமே கழிக்க முடியும். 527 டிகிரி செல்சியஸில் மங்கிய சிவப்பாக ஒளிரும் தகடு, இருபுறமும் சேர்த்து, சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 46 கிலோவாட் வீசும். ஆகவே 200 சதுர மீட்டர் வேண்டும். தகட்டின் கெல்வின் வெப்பநிலை பாதியானால் பரப்பு 16 மடங்காகும். ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் டிஸ்கவரி கலத்துக்கு முதலில் இத்தகைய தகடுகள் திட்டமிடப்பட்டன, பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்று நீக்கிவிட்டார்கள். இயற்பியல் தெரிந்தவர்களே செய்த சமரசம் அது.

சூரிய ஒளியின் தள்ளலால் ஓடும் சூரியப் பாய்க்கு இந்தத் தொல்லை இல்லை; அத்தகைய பாய் வேலை செய்யும் என்பதை 2010-இல் ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் நிரூபித்தது. ஆனால் உந்துதல் மிகச் சொற்பம், சூரியனை விட்டு விலக விலக இன்னும் குறையும்.

அணுப்பிணைவு எந்திரம் வெறும் கற்பனை அல்ல. பிரிட்டிஷ் கோள்களிடைச் சங்கம் 1970-களில் டீடலஸ் திட்டத்தில் அதை விரிவாகவே கணக்கிட்டது. ‘தி எக்ஸ்பான்ஸ்’ நாவல்களின் எப்ஸ்டீன் எந்திரமும் இந்த வகைதான். அதே 100 டன் கலம் பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு முடுக்கத்தோடு, நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் பொருளை வீசினால், தேவை ஏறத்தாழ 160 ஜிகாவாட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலத்துக்குள் கசிந்தாலே, முன்சொன்ன தகடுகள் 3,000 சதுர மீட்டரைத் தாண்டும்.