நுண்ணூட்டமும் நானோ உரமும்

பழமரங்களின் இலைமீது தெளிக்கப்படும் நானோ உரங்களைப் பற்றித் தமிழில் இன்று கட்டுரைகள் பல வெளிவருகின்றன. புதிய அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல முனையும் முயற்சி பாராட்டத் தக்கதே. ஆயினும் இவ்வெழுத்துகளில் சொற்குழப்பம் ஒன்று அடிக்கடி தலைகாட்டுகிறது. அக்குழப்பம் உழவரின் மடிப்பணம் வரை செல்வதால் அதனைச் சுட்டாமல் இருத்தல் இயலாது.

குழப்பம் 'நுண்' என்னும் அடைமொழியில் தொடங்குகிறது. துத்தநாகம், போரான் முதலியன பயிருக்கு மிகச் சிறிய அளவே தேவை. ஆதலின் அவற்றை நுண்ணூட்டம் என்கிறோம். இங்கே நுண்மை என்பது தேவைப்படும் அளவு. நானோ என்பதோ துகளின் பருமனைக் குறிப்பது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவற்றையே நானோத் துகள் என்பர். 'குள்ளன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அகத்தியரைக் குறுமுனி என்ற நமக்கு அப்பெயர்முறை புதிதன்று.

இவ்விரண்டையும் 'நுண்ணுரம்' என ஒரே சொல்லால் எழுதினால், சிறியது அளவா, துகளா என்பது விளங்காது போகும். தழைச்சத்து பேரூட்டம், பயிர் அதனை மிகுதியாக உண்ணும். துகளைச் சிறிதாக்கினால் பயிரின் பசி சிறிதாகிவிடாது.

இதற்கு நல்ல சான்று உண்டு. இந்தியாவின் இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் 2021-இல் நானோ யூரியாவை அறிமுகப்படுத்தியபோது, 500 மில்லிலிட்டர்ப் புட்டி ஒன்று ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாகும் என்றது. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 விழுக்காடு. அஃதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். அன்றைய புட்டியிலோ 4 விழுக்காடு. அஃதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! மண்ணில் இட்ட யூரியாவில் பாதிக்கு மேல் வீணாகிறது என்றே கொண்டாலும் இவ்விடைவெளி நிரம்பாது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2023-இல் இத்தகைய கூற்றுகளை மறுத்தெழுதினர். எளிய வகுத்தல் கணக்கு அறிந்த மாணவனும் எழுப்பக்கூடிய ஐயம் இது.

அதனால் நானோத் தெளிப்பு முழுவதையும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. உண்மையிலேயே நுண்ணூட்டமாக உள்ளவற்றில் அதற்கு இடம் உண்டு. ஈரானில் மாதுளை மரங்களில் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. மரத்திற்கு 34 மில்லிகிராம் போரான் கிடைக்குமாறு ஒரே முறை தெளித்ததில் விளைச்சல் கூடியது; மரத்தில் பழங்களின் எண்ணிக்கை பெருகியதே முதன்மைக் காரணம். துத்தநாகத்திற்கும் பயன் இருந்தது. ஆனால் போரான் அளவுக்கு இல்லை. கூடிய அளவில் தெளித்தபோது, சாற்றில் கரைந்துள்ள திண்மப் பொருள் 4.4 முதல் 7.6 விழுக்காடு வரை உயர்ந்தது, புளிப்புக் குறைந்தது. பழத்தின் புறத்தோற்ற அளவுகளோ மாறவில்லை.

இதனைத் தமிழில் 'பழத்தின் தரம் உயரும்' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் பருத்த பழத்தை எதிர்பார்ப்பார். இனிமை, புளிப்பு, பருமன், எண்ணிக்கை எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்க, அனைத்தையும் 'தரம்' என்ற ஒரு சொல்லில் அடக்குவானேன்?

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு ஏட்டுப் பாடம் மட்டுமன்று. தேயிலைச் சரிவை அடுத்து ஸ்ட்ராபெரித் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் உள்ள ஊர் அது. மாதுளையில் இலை உணவு சமைக்கும் உறுப்பு. கூடைக்கு வருவது பழம். தேயிலையில் கூடைக்கு வருவதே இலை. ஆதலின் பழமரத்திற்குச் சொன்ன தெளிப்பு முறையை அப்படியே தேயிலைக்கு மாற்றியுரைத்தல் பொருந்தாது. தெளித்தது இலையில் எவ்வளவு தங்கும் என்ற கேள்வி அங்கே முன்னிற்கும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கது எளிது. தேவைப்படும் அளவைக் குறிக்க 'நுண்ணூட்டம்' நிற்கட்டும்; துகளின் பருமனைக் குறிக்க 'நானோ' நிற்கட்டும்; இரண்டும் கூடுமிடத்து 'நானோத் துகள் நுண்ணூட்டம்' என்க. அதன்பின் கட்டுரை எதனையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்ப மாணவரைப் பழக்கலாம்: எச்சத்து, எவ்வளவு? எதனோடு ஒப்பிட்டனர்; வெறும் நீரோடா, வழக்கமான உரத்தோடா? பழத்தில் மாறியது எது? இவற்றிற்கு விடை தராத கட்டுரை, எவ்வளவு நல்ல தமிழில் இருப்பினும், அறிவியற் கட்டுரை ஆகாது.