தாம்பரம் பாதையில் ஒரு பாட்டு மரபு

ப. ஜீவானந்தம் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது மேடைப் பேச்சு. அதற்கடுத்துத் தாம்பரத்துக் குடிசை. கம்பனையும் பாரதியையும் ஒரே மூச்சில் முழங்கிய அந்தக் குரலைப் பற்றிச் சுந்தர ராமசாமி ‘காற்றில் கலந்த பேரோசை’ என்ற அருமையான கட்டுரையை எழுதியிருக்கிறார். ஜீவாவின் வறுமையும் நேர்மையும் இன்றும் கூட்டங்களில் கண்ணீரோடு பேசப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே ஜீவா என்ற பாட்டாசிரியர் மறைந்துபோனார். இருபதாம் நூற்றாண்டுத் தமிழில், சினிமாவுக்கு வெளியே ஊர்வலத்திலும் ஆலை வாசலிலும் பாடுவதற்கென்றே எழுதப்பட்ட பாட்டின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. அந்த வரலாற்றின் முக்கியமான சில இடங்கள் சென்னையின் தென்புறநகரில், பல்லாவரம், தாம்பரம், ஊரப்பாக்கம் என்று ஒரே ரயில் பாதையில் அமைந்திருக்கின்றன.

ஜீவா 1907 ஆகஸ்ட் 21 அன்று, அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த பூதப்பாண்டியில் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் வைத்த பெயர் சொரிமுத்து. இளமையிலேயே கதர், தீண்டாமை ஒழிப்பு, வைக்கம் போராட்டம் என்று வீட்டுக்கு அடங்காத வழியில் நடந்தார். காரைக்குடிப் பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் நடத்தியபோது, 1927இல் காந்தி அங்கே வந்து அவரைச் சந்தித்தார்.

அந்தக் காலத்தில் அவரைத் தனித்தமிழ் இயக்கமும் இழுத்தது. ஜீவானந்தம் என்ற பெயரை ‘உயிரின்பன்’ என்று மாற்றிக்கொண்டார். அவ்வியக்கத்தின் தலைமகன் மறைமலையடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அடிகள் 1911இல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் குடியேறியவர். (அதே கல்லூரி 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது.) அடிகளைக் காணப் பல்லாவரத்துக்குப் போன உயிரின்பன் கதவைத் தட்ட, உள்ளிருந்து ‘போஸ்ட்மேனா?’ என்ற குரல் கேட்டது என்றும், அன்று தொடங்கிய மனமுறிவில் அவர் பழைய பெயருக்கே திரும்பினார் என்றும் ஜீவாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதை வேடிக்கைக் கதையாக மட்டும் கடந்துவிடக் கூடாது. தெருவில் புழங்கும் சொல்லுக்குப் பாட்டில் இடம் உண்டா என்ற கேள்விக்கு ஜீவா கொடுத்த விடை இதிலேயே தெரிகிறது. பின்னாளில் அவர் எழுதிய பாட்டுகளில் கூழும் செருப்பும் கூலியும் வந்தன. சொல்லின் பிறப்பை விசாரித்து அனுமதிக்கும் வேலையை அவர் செய்யவில்லை.

பாட்டு அவருக்குப் பெருக்கெடுத்தது சுயமரியாதை இயக்கத்தில். 1930களில் ‘பெண்ணுரிமைக் கீதங்கள்’, ‘சுயமரியாதைச் சொல்மாலை’ என்ற பாட்டு நூல்கள் வந்தன. குழந்தை மணம், கைம்பெண் கொடுமை, சாதி, மூடப் பழக்கம் ஆகியவை அவற்றின் பொருள். பெண்ணுரிமையைக் கட்டுரையாக எழுதியவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தார்கள். அதைப் பெண்களே பாடும்படி கும்மியிலும் சிந்திலும் எழுதியதில் இருந்த துணிவு வேறு. கட்டுரையைப் படிக்க எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். கும்மிக்குக் கையும் வாயும் போதும்.

இந்தப் பாட்டுகள் செய்யப்பட்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிய பாட்டுக்குப் புதிய மெட்டுப் போடும் வழக்கம் அப்போது இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் புதிய சொற்களை உட்கார வைப்பார்கள். பாட்டின் தலையில் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருக்கும். நொண்டிச் சிந்து, காவடிச் சிந்து, ஆனந்தக் களிப்பு, நாடக மேடையில் புகழ்பெற்ற பாட்டு என எதுவும் ஆகும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாடிவிடலாம். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் முழுக்க இந்த முறையில்தான் வாழ்ந்தன. கொலைச் சிந்தும் ரயில் விபத்துச் சிந்தும் விற்ற அதே வழியில் அரசியலும் போயிற்று. பாரதியே தம் தேசப் பாட்டுகள் பலவற்றைப் பழகிய வர்ணமெட்டுகளில்தான் எழுதினார். 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய மூன்று பாட்டுகளைச் சிறு வெளியீடாக 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அந்த எண்ணிக்கை கவிதை நூலின் எண்ணிக்கை அல்ல; பாட்டுப் புத்தகத்தின் எண்ணிக்கை.

கடல் கடந்தும் தொழிலாளர் பாட்டு இதே வழியில்தான் வளர்ந்தது. சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போன ஜோ ஹில், தேவாலயப் பாட்டுகளின் மெட்டில் தொழிற்சங்கப் பாட்டுகளை எழுதினார். அவை சட்டைப் பையில் அடங்கும் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் அச்சாகி வேலைநிறுத்தங்களில் பாடப்பட்டன. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 1915இல் யூட்டா மாநிலத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த உடி கத்ரியும் (1912–1967) பழைய நாட்டுப் பாட்டு மெட்டுகளை எடுத்துத் தம் சொற்களால் நிரப்பியவர். 1940இல் அவர் எழுதிய நிலத்தைப் பற்றிய பாட்டு இன்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பாடப்படுகிறது. கத்ரியும் ஜீவாவும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்ல. கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதற்கான பாட்டுக்குக் கூட்டம் ஏற்கெனவே அறிந்த மெட்டு வேண்டும் என்ற தேவையே இருவரையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்தது.

1930களின் நடுவில் பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காக ஜீவா கைதானார். சமதர்மப் பிரசாரம் பற்றிய கருத்து வேறுபாட்டில் பெரியாரைப் பிரிந்தார். 1937இல் ‘ஜனசக்தி’ தொடங்கியபோது அதன் ஆசிரியரானார். சிறை, நாடு கடத்தல், தலைமறைவு என்று பத்தாண்டுகளுக்கு மேல் ஓடின. இந்தக் காலத்துப் பாட்டுகளில் பேசுபவர் மாறிவிடுகிறார். சுயமரியாதைக் காலத்துப் பாட்டில் ஒரு சீர்திருத்தக்காரர் மக்களைப் பார்த்துப் பேசினார். தொழிலாளர் பாட்டில் ‘நாங்கள்’ என்று மக்களே பேசுகிறார்கள். ‘காலுக்குச் செருப்புமில்லை’ என்ற அவருடைய புகழ்பெற்ற பாட்டு அந்த மாற்றத்தின் உச்சம். உழைப்பவரின் உடம்பைக் காலில் தொடங்கி வயிற்றுக்கு ஏற்றிச் சென்று, கடைசியில் உழைப்பின் பலன் எங்கே என்று கேட்கும் பாட்டு அது. அதில் தத்துவச் சொல் எதுவும் கிடையாது. அரிய சொல்லும் இல்லை. நடந்துகொண்டே பாடும்போது மூச்சு எங்கே விட வேண்டுமோ அங்கே அடி முடிகிறது. இந்த எளிமை தானாக வந்ததல்ல. சங்க இலக்கியமும் கம்பனும் நாவில் இருந்த ஒருவர் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுதியது அது.

1952இல் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து ஜீவா சட்டமன்றம் சென்றார். வடசென்னைத் தொழிலாளர் அனுப்பிய அந்த உறுப்பினர் குடியிருந்தது தென்கோடியில், தாம்பரத்தில், ஒரு குடிசையில். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, நகரத்தில் வாடகை கொடுக்க முடியாதவர்கள் இந்தப் பாதையோரம் வந்து குடியேறினார்கள். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த தோல் தொழிற்சாலையும் இதே பாதையில்தான் இருந்தது. ஏரிகளும் புறம்போக்கும் நிறைந்த அந்தப் புறநகரில் ஜீவாவின் அண்டை வீட்டார் அவருடைய பாட்டில் வருகிறவர்கள்தான். முதலமைச்சர் காமராஜர் பள்ளிக்கூட விழாவுக்குத் தாம்பரம் வந்தபோது ஜீவாவின் குடிசைக்குப் போய் அழைத்தார் என்றும், துவைத்துப் போட்ட வேட்டி காயும்வரை காத்திருந்து ஜீவா தாமதமாக வந்து சேர்ந்தார் என்றும், வீடு தர முன்வந்தபோது சுற்றியுள்ள குடிசைவாசிகளுக்கும் கிடைத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார் என்றும் சொல்லப்படும் நிகழ்ச்சி தமிழகம் அறிந்தது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் பாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டில் ‘நாங்கள்’ என்று எழுதியவர் வீட்டு விஷயத்திலும் அப்படியே சொன்னார். அவ்வளவுதான்.

‘தாமரை’ இதழையும், 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தையும் நிறுவியபோது, நாட்டுப்புறப் பாட்டைச் சேகரிப்பதும் ஆராய்வதும் இலக்கிய வேலை என்று ஜீவா வற்புறுத்தினார். நா. வானமாமலையின் நாட்டார் பாடல் தொகுப்புகளுக்கு அந்தச் சூழல் உரமாக இருந்தது. 1963 ஜனவரி 18 அன்று, 55 வயதில், ஜீவா காலமானார்.

ஜீவாவின் காலத்திலேயே இந்த மரபு சினிமாவுக்குள் நுழைந்துவிட்டது. நுழைத்தவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, தஞ்சை விவசாய இயக்கத்தில் வளர்ந்து, ‘ஜனசக்தி’யில் பாட்டு எழுதியவர். பாரதிதாசனிடம் சில காலம் இருந்தார். ‘நாடோடி மன்னன்’, ‘பதிபக்தி’, ‘பாகப்பிரிவினை’ என்று சில ஆண்டுகளுக்குள் உச்சிக்குப் போனார். ஏ.எம். ராஜா இசையமைத்த ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தின் பாட்டுகள் அவருடையவை. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று 29 வயதில் இறந்தார். ஊர்வலப் பாட்டுக்கு இருந்த மெட்டுச் சுதந்திரம் அவருக்கு இல்லை. இசையமைப்பாளர் போட்ட மெட்டும் நாயகனின் பிம்பமும் கதைச் சூழலும் அவரைச் சூழ்ந்திருந்தன. அந்த நெருக்கடிக்குள்ளும் வயலில் வேலை செய்கிறவரின் கணக்கைத் தாலாட்டிலும் காதல் பாட்டிலும் அவர் சொருகினார். அதற்கு ஈடாக ஒன்று நேர்ந்தது. பாட்டு கோடிப் பேரைச் சென்றடைந்தது; ஆனால் பாடும் வாய் கேட்கும் காதாக மாறிவிட்டது. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து பாடியது, வானொலிப் பெட்டியின் முன் பத்துப் பேர் கேட்பதாயிற்று. சினிமாவின் பெருமையைக் குறைக்காமலே இந்த இழப்பைச் சொல்லலாம்.

சேர்ந்து பாடும் பாட்டு மறுபடி வலுவோடு எழுந்தது வெண்மணிக்குப் பிறகு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த சாகுல் அமீது என்ற இன்குலாப் அந்த நிகழ்ச்சியால் மார்க்சியத்துக்குத் திரும்பியவர்களில் ஒருவர். 1944இல் கீழக்கரையில் பிறந்த அவர், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவராக நின்றவர். பின்னாளில் அவர் குடியிருந்தது ஊரப்பாக்கத்தில், தாம்பரத்தையும் வண்டலூரையும் தாண்டிச் செங்கல்பட்டுப் பாதையில்.

இன்குலாப்பின் புதுக்கவிதைகளும், ‘ஔவை’, ‘மணிமேகலை’ போன்ற நாடகங்களும் தனியே பேசத் தக்கவை. இங்கே பொருந்துவது ‘மனுசங்கடா’ என்ற ஒரு பாட்டு. சாதி வன்கொடுமைக்கு எதிராக எழுந்த அந்தப் பாட்டின் முழு ஆற்றலும் தலைப்பிலுள்ள ‘டா’வில் இருக்கிறது. பண்ணையார் கூலியாளைக் கூப்பிட்ட விளி அது. வயதில் மூத்தவரையும் பேரன் வயதுப் பையன் ‘டா’ போட்டு அழைத்த ஊர்களில், அதே எழுத்தை எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பி வீசியது இந்தப் பாட்டு. இலக்கணத் தமிழில் ‘நாங்கள் மனிதர்கள்’ என்று எழுதியிருந்தால் அது அறிவிப்பாக நின்றிருக்கும். பேச்சுத் தமிழில் அது மோதலாகிறது. பல்லாவரத்துக் கதவருகே ஜீவா எதிர்கொண்ட சொல் பற்றிய கேள்வி இங்கே கடைசி எல்லைவரை போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சொல்லுக்குக் குரல் கொடுத்தவர் கே.ஏ. குணசேகரன் (1955–2016). சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தவர். நாட்டுப்புற இசை ஆய்வாளர். புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பேராசிரியர். ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர். பறையடியின் மேல் அவருடைய உச்சக் குரல் ஏறியபோது பாட்டுக்கு இன்னொரு பொருள் வந்து சேர்ந்தது. சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட தோற்கருவி, மனிதன் என்று உரத்துச் சொல்லும் பாட்டைத் தாங்கி நின்றது. ஒலிநாடாவில் பதிவாகி ஊர் ஊராகப் போனபின் பலர் அதைக் குணசேகரனின் பாட்டு என்றே நினைத்தார்கள். எழுதியவர் பெயர் உதிர்ந்து பாட்டு மட்டும் நடப்பது இந்த மரபில் குறையாகக் கருதப்படுவதில்லை. ஆந்திரத்தில் கத்தர் (1949–2023) பாடிய பாட்டுகளுக்கும் இதே கதை நேர்ந்தது.

அரசு கொடுக்கும் பெருமையை இந்த மரபுக்காரர்கள் வாங்கிய விதமும் கவனிக்கத் தக்கது. 2006இல் பெற்ற கலைமாமணி விருதை, ஈழப் போரின் படுகொலைகளை ஒட்டி 2009இல் இன்குலாப் திருப்பிக் கொடுத்தார். 2016 டிசம்பர் 1 அன்று அவர் இறந்தபின் உடல் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. மறு ஆண்டு ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, அவருடைய விருப்பத்தைச் சொல்லிக் குடும்பத்தினர் அதை ஏற்க மறுத்தார்கள். அதே 2017இல் அம்ஷன்குமார் இயக்கிய படம் ஒன்று வந்தது. இறந்த தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியே சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லப் போராடும் ஒரு தலித் இளைஞனின் கதை. அதன் பெயர் ‘மனுசங்கடா’.