அடியில் ஒளிந்த பிரேக்

பெயர் அழிந்த பழைய எஃகு மலைச் சைக்கிள் ஒன்றை அடையாளம் காண, முதல் வேலையாக அதைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். 1986 முதல் 1989 வரை ஜப்பானிலும் தைவானிலும் செய்யப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போன வண்டிகள் பலவற்றில், பின் பிரேக் வழக்கமான இடத்தில், அதாவது சீட்டுக்குக் கீழே சக்கரத்தின் மேற்பக்கத்தில், இருக்காது. பெடல் அச்சுக்குப் பின்னால், செயினை ஒட்டிப் போகும் இரட்டைக் குழாய்களான செயின்ஸ்டேயின் அடியில் பதுங்கியிருக்கும். அதற்கு யு பிரேக் என்று பெயர். ஸ்டிக்கர் உரிந்து, பெயின்ட் இரண்டு முறை மாறி, கியரெல்லாம் புதிதாகப் போட்ட வண்டியிலும் அந்தப் பிரேக்குக்காகப் பற்றவைத்த இரண்டு முளைகள் அப்படியே நிற்கும். வண்டியின் வயதைச் சொல்பவை அவை. வாங்கியவரைக் கடைசிவரை அலைக்கழிப்பவையும் அவைதான்.

சட்டகத்தின்மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பி இறங்குவதில் பயன் குறைவு. கலிஃபோர்னியாவின் மாரின் மலைகளில் 1970களின் கடைசியில் ஜோ பிரீஸ் போன்றவர்கள் கைவேலையாகத் தொடங்கிய வண்டி, 1981ல் வந்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாடலுக்குப் பிறகு தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. தொழிற்சாலை இருந்தது ஜப்பானில். பெயர் வைத்தவர் அமெரிக்க இறக்குமதியாளர். யூனிவேகா என்ற பெயரில் விற்ற மலைச் சைக்கிள்களைக் கட்டியது மியாட்டா. இப்படிச் சொந்தப் பட்டறையே இல்லாத பெயர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அரிதான பெயர் என்பதால் அரிதான வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது நன்கு அறிந்த ஒரு தொழிற்சாலையின் சாதாரண வேலை. சட்டை மட்டும் வேறு.

நாணய மதிப்பும் இதில் புகுந்து விளையாடியது. 1985 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மாற்று விகிதம், 1987 முடிவில் ஏறக்குறைய 120க்கு இறங்கியது. ஜப்பான் சரக்கின் டாலர் விலை எகிற, இறக்குமதியாளர்கள் தைவானுக்கு ஓடினார்கள். ஆகவே ஒரே மாடல் பெயர் தாங்கிய இரண்டு வண்டிகள், இரண்டே வருட இடைவெளியில் வெவ்வேறு நாட்டில் பிறந்திருக்கலாம். தைவான் என்றால் மட்டம் என்று ஒதுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஷ்வின் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு அப்போதே தைவானின் ஜயன்ட் வண்டி கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பெடல் அச்சுக் கூட்டின் அடியில் வரிசை எண் பொறித்திருக்கும். மியாட்டாவின் சொந்த வண்டி என்றால் முதல் எழுத்தே ஆண்டு: 1972க்கு ஏ எனத் தொடங்கி, எம் என்றால் 1984, பி (P) என்றால் 1987. மற்றத் தொழிற்சாலைகளின் எண்கள் இவ்வளவு எளிதில் வாய் திறப்பதில்லை. அப்போது உதிரிப் பாகங்களிடம் கேட்க வேண்டும். ஷிமானோ பாகங்களின் உட்பக்கத்தில் சிறியதாக இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது ஆண்டு, இரண்டாவது மாதம். ஏ என்பது 1976. எண்ணிக்கொண்டே போனால் கே 1986, எல் 1987, எம் 1988. மாதத்துக்கு ஏ ஜனவரி. ஆக ‘எல் சி’ என்றால் 1987 மார்ச். சன்டூர் பாகங்களின் கணக்கு வேறு. 1958ல் ஏ எனத் தொடங்கி 1983ல் இசட் வரை வந்து, 1984ல் மறுபடி ஏ-யிலிருந்து புறப்பட்டது. எனவே ஷிமானோ ஹப்பில் எல்லும் சன்டூர் கியரில் டி-யும் இருந்தால் முரண்பாடு ஏதும் இல்லை, இரண்டும் 1987தான். ஒரே ஒரு பாகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஹப், கிராங்க், பிரேக் மூன்றும் சில மாத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போனால் அவை பிறப்பிலேயே கூட வந்தவை. வண்டி அவற்றுக்குச் சற்றுப் பின்னால் பிறந்தது.

அடுத்தது குழாய். விரலால் சுண்டி, ஓசையை வைத்து நல்ல எஃகு என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஓசைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. குரோம் மாலிப்டினம் கலந்த எஃகும் சாதாரண எஃகும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி, ஒரே விறைப்பு. முன்னதன் பலம் அதிகம் என்பதால் குழாயை மெல்லியதாக இழுக்கலாம். எடை குறைவதற்கு அது ஒன்றே காரணம். ஆகவே அளக்க வேண்டியது சுவரின் தடிமன். அதற்குக் குழாயை அறுக்க வேண்டாம், சீட் தண்டை உருவி அளந்தால் போதும். சீட் குழாயின் வெளி விட்டம் வழக்கமாக 28.6 மில்லிமீட்டர். உள்ளே 27.2 தண்டு நுழைகிறது என்றால் சுவர் மெல்லியது, சட்டகம் தரமானது. 26க்குக் கீழான தண்டு என்றால் குழாய் தடித்தது, விலை மலிந்த வண்டி. 26.8 போன்ற நடு அளவுகள் நடுத்தரம். அவற்றிலும் நல்ல சட்டகங்கள் உண்டு. டாங்கே, இஷிவாட்டா என்று குழாய்க் கம்பெனியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதன் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். மூன்று முக்கியக் குழாய்களுக்கு மட்டும் உத்தரவாதம் தந்துவிட்டு, பின்பக்கம் முழுக்கச் சாதா எஃகைப் போட்ட வண்டிகள் அந்தப் பத்தாண்டில் குவிந்தன. பின் அச்சைப் பிடிக்கும் தகடும் உண்மை சொல்லும்: அடித்து வார்த்த தடித்த துண்டா, தகரம்போல் வெட்டியதா என்பது கண்ணுக்கே தெரியும்.

மற்றவை வழக்கமான விவரங்கள்: 26 அங்குலச் சக்கரம், மரை போட்ட ஒரு அங்குல ஃபோர்க் தண்டு, ஆறு அல்லது ஏழு பல்சக்கரம். மறுபடி பிரேக்குக்கே வர வேண்டும்.

யு பிரேக் வரும்வரை பின்சக்கரத்தில் இருந்தது கேன்டிலீவர் பிரேக். அதன் கைகள் இருபுறமும் அகலமாக நீட்டிக்கொண்டிருந்ததால் ஓட்டுபவரின் கெண்டைக்கால் இடித்தது. அது பற்றியிருந்த, சீட்டுக்கடியிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் சீட்ஸ்டே குழாய்கள் மெலிந்தவை. அழுத்திப் பிடித்தால் பிரேக் கட்டை ரிம்மை நெருக்குவதற்குப் பதிலாகக் குழாய்கள் விரிந்து கொடுத்தன. செயின்ஸ்டே அதைவிடத் தடித்தது, விரியாது. அங்கே மாற்றினால் கால் தப்பும், பிடியும் இறுகும் என்பது கணக்கு. மாரினைச் சேர்ந்த சார்லி கன்னிங்ஹாம் வடிவமைத்த ரோலர் கேம் என்ற பிரேக்கை சன்டூர் செய்து விற்றது. ஷிமானோ யு பிரேக்கை முன்வைத்தது. இரண்டுக்கும் முளை ஒரே இடத்தில்தான். ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டலாம். ஓரிரு வருடத்தில் விலை உயர்ந்த வண்டியும் மலிவு வண்டியும் இந்த மோகத்தில் விழுந்தன.

காய்ந்த பாதையில் கணக்கு பொய்க்கவில்லை. சரியாகக் கட்டிய யு பிரேக் சத்தமில்லாமல், இழுத்த இழுப்புக்கு நிற்கும். முதல் வாரத்தில் இதைக் குறை சொன்னவர்கள்மேலேயே சந்தேகம் வரும். மாரின் மலைகளில் கோடை முழுக்க மழை இல்லை; இந்த யோசனை அங்கே ஏன் பிறந்தது என்பது புரிந்துவிடும். மழைக்குப் பிந்திய முதல் சவாரியில் கதை மாறும். டயர் வாரி வரும் சேறு வந்து சேரும் இடமும், செயினிலிருந்து எண்ணெய்க் கசடு சொட்டும் இடமும் இந்தப் பிரேக்கின் இருப்பிடமும் ஒன்றே. குழாய்களுக்கு நடுவே இடைவெளி குறைவு, பிரேக்கின் கைகள் அதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். களிமண் பாதையில் கொஞ்ச தூரம் போனாலே பின்சக்கரம் சுற்ற மறுக்கும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். கேன்டிலீவரின் முளை ரிம்முக்கு ஹப் பக்கத்தில் இருக்கும். யு பிரேக்கின் முளையோ டயர் பக்கத்தில். அதனால் யு பிரேக்கின் கட்டை தேயத் தேய, அது ரிம்மைவிட்டு நகர்ந்து டயரை நோக்கி ஏறும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். கட்டையை அடிக்கடி இறக்கி வைத்தால் போதும் என்று சொல்வது சுலபம். அதற்கு வண்டியைக் கவிழ்க்க வேண்டும், கிராங்க் குறுக்கே நிற்கும், ஸ்பேனர் சாய்ந்துதான் நுழையும். அடியில் இருப்பதால் பிரேக் நினைவுக்கும் வருவதில்லை. இன்று கிடைக்கும் இப்படிப்பட்ட வண்டிகளில் முளை துருப்பிடித்து இறுகியிருப்பது இதன் பலன். முளையே முறிந்துபோனால் சட்டகத்தில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.

முளையின் இடம் வேறு என்பதால் பின்னால் வந்த வி பிரேக்கை அங்கே மாட்ட முடியாது. ஆறுதல் ஒன்று: பி.எம்.எக்ஸ். சாகச வண்டிகள் யு பிரேக்கைக் கைவிடவில்லை, அதனால் புதிய பிரேக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. முன்சக்கரத்தில் பெரும்பாலும் சாதாரண முளையே இருப்பதால் அங்கே வி பிரேக் போடலாம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. பின்னால் உள்ள தொல்லையைப் பொறுத்துக்கொள்ள இதனால் முடிகிறது. சீட்ஸ்டே பக்கம் காலியாக இருப்பதால் மட்கார்டும் கேரியரும் தடையில்லாமல் உட்காரும். சேற்று மலைக்கு வாங்கினால் ஏமாற்றம்; நகரத்துக்கும் நீண்ட தார்ச்சாலைப் பயணத்துக்கும் வாங்கினால் இந்தக் குறையின் பாதி மறைந்துவிடும்.

விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அலுமினிய சீட் தண்டு எஃகுக் குழாய்க்குள் பல வருடம் அசையாமல் இருந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். அசையாத தண்டு உள்ள சட்டகத்துக்கு நல்ல விலை கொடுப்பது மடத்தனம். ஃபோர்க்குக்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் சுருக்கம் தட்டுப்படுகிறதா என்று தெரியும். தட்டுப்பட்டால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. பின் அச்சின் இடைவெளியை அளக்க வேண்டும். 130 மில்லிமீட்டர் என்றால் கவலை இல்லை, பின்னால் வந்த 135 ஹப்பைக் கையால் விரித்தே நுழைத்துவிடலாம்; எஃகு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும். பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பைக் கழற்றும்போது அது இடமரை என்பது நினைவிருக்கட்டும். கழற்றியதும் கூட்டுக்குள் டார்ச் அடித்துத் துருவைப் பார்த்துவிடலாம்.

1990 வாக்கில் பின் பிரேக் பழையபடி சீட்ஸ்டேக்கு ஏறிவிட்டது, இந்த முறை கால் இடிக்காத ஒடுங்கிய கேன்டிலீவராக. இதனால்தான் ஒரே தொழிற்சாலையின், ஒரே குழாயில் கட்டிய இரண்டு சட்டகங்களில் 1990 வண்டி 1987 வண்டியைவிட எளிதில் விலைபோகிறது.