மலர்வெளியும் புகைபோக்கியும்

1979 டிசம்பரில் ‘20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்’ என்னும் பெயரில் ஓர் இசைத்தட்டு இங்கிலாந்தில் வெளியாயிற்று. முகப்பில், பசும்புல்லும் சிறு மலர்களும் நிறைந்த மேட்டில் நேர்த்தியாக உடுத்திய நால்வர் நிற்கின்றனர். விடுமுறைக்குச் சென்ற குடும்பமொன்றின் நிழற்படம் எனவே எவரும் எண்ணுவர். ஆயின் தட்டில் இருந்தவை இருபது அல்ல, 11 உருப்படிகளே. அவை ஜாஸ் இசையுமல்ல. அந்த மேடு, தம் உயிரை மாய்த்துக்கொள்ளப் பலர் நாடிச் சென்ற பீச்சி ஹெட் என்னும் சுண்ணாம்புக்கல் செங்குத்து. கடலிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரம்.

நால்வரும் ‘த்ராபிங் கிரிசில்’ குழுவினர். 1976இல் இவர்கள் தொடங்கிய ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனத்தின் பெயரே பின்னர் ஓர் இசை வகைக்கும் பெயராயிற்று. இனிய மெட்டை இவர்களிடம் எதிர்பார்த்தல் வீண். மின்னணுக் கருவிகளின் இரைச்சலும், நாடாவில் பதிந்த மனிதக் குரல்களும், இயந்திரத்தை ஒத்த தாளமுமே இவர்தம் மூலப்பொருள்கள்.

இத்தட்டில் நம்மை மிகுதியும் அச்சுறுத்துவது ‘பெர்சுவேஷன்’. இரண்டே சுரங்கள் மந்தமாக மீண்டும் மீண்டும் ஒலிக்க, ஒருவன் ஒரு பெண்ணை மென்மொழியால் தன் விருப்பத்திற்கு இணங்கவைக்க முயல்கிறான். கூச்சல் இல்லை, பொறுமையே இங்கு கொடுமையாகிறது. குழுவின் ஒரே பெண்ணான கோசி ஃபானி டூட்டி, 2017இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பாடகர் ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ் தம்மை அடக்கி வன்முறைக்கு உட்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டினார். 2020இல் காலமான அப்பாடகர் அதனை மறுத்திருந்தார். உண்மையைத் தீர்க்க நமக்கு வழியில்லை. எனினும் அந்நூலுக்குப் பின் இப்பாடலை வெறும் கற்பனைப் பாத்திரத்தின் பேச்சாகக் கேட்பது கடினமே.

முகப்புப் படத்தை மெச்சும் நான், அந்நிறுவனத்தின் இலச்சினையை ஏற்கமாட்டேன். அது ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் எரிசூளைக் கட்டடத்தைக் காட்டும் நிழற்படத்தினின்று அமைந்தது. தொழில்நுட்பமும் படுகொலையும் கைகோத்த நூற்றாண்டை நினைவூட்டவே அவ்வாறு செய்தனர் என ஆதரவாளர் வாதிடலாம். அவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் வணிகக் குறி என்பது தட்டுக்குத் தட்டு திரும்ப வருவது. பழகப் பழகக் கண் அதனைக் காணாமலே கடந்துவிடும். பீச்சி ஹெட் படத்திலோ இறந்தோர் எவரும் காட்சிப்பொருள் ஆக்கப்படவில்லை. இடத்தை அறிந்தவன் தானே திடுக்கிடுகிறான். அறியாதவன் மலர்களைப் பார்த்துவிட்டுப் போகிறான். (தமது ஒலிப்பதிவுக்கூடத்திற்கு ‘மரணத் தொழிற்சாலை’ எனப் பெயரிட்டது, என் நோக்கில், வெறும் இளமைத் துடுக்கு.)

இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது 1978ஆம் ஆண்டுத் தட்டிலுள்ள ‘ஹாம்பர்கர் லேடி’. தீயில் கொடிதாக வெந்த ஒரு பெண்ணைப் பற்றி வந்த கடிதமே அதன் உரை. குரலைச் சிதைத்திருப்பதால் சொற்கள் தெளிவாக விழுவதில்லை. அவற்றின் பின்னே ஏதோ கருவி முனகிக்கொண்டேயிருக்கிறது. செவியைக் கூர்மையாக்கி அருகே குனிகிறோம். குனிந்தபின் அவள் படுக்கையினருகே நிற்பதை உணர்கிறோம். விலகவும் மனம் வருவதில்லை. அவள் துன்பத்தை இத்துணைக் கருத்தோடு கேட்கச் செய்தவர்கள், பாடலின் தலைப்பில் அவளுக்கு அந்தப் பெயரையும் விட்டுவைத்திருக்க வேண்டாம்.